எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண், குழந்தைக்கு ஆசைப்படுவது சுயநலமா?

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து எடுத்துக்கொள்ளும் இளம்பெண் தாயாக விரும்புவது சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், என்னையும் சொன்னார்கள்.

நான் காசிமேட்டுக்காரி. எனக்குத் தொற்று என் அம்மாவிடமிருந்து வந்தது. தன் நோயின் பெயரே தெரியாமல் என்னைப் பெற்றவர் அவர். 2004-இல் அரசு இம்மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது அவர் உயிருடன் இல்லை. ஆயாதான் (என் பாட்டி) என்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயிலேற்றித் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனைக்கு மாதந்தோறும் அழைத்துச் சென்றார்.

திருமணத்துக்குப் பின் (கணவருக்கும் தொற்று உண்டு, மருந்து வரிசையில்தான் பழக்கம்) விவரம் அறியாத உறவினர்கள் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டபடியே இருந்தார்கள், அறிந்தவர்களோ அந்த நினைப்பே கூடாது என்றார்கள். உனக்கு வேண்டுமா என்று என்னைக் கேட்டவர் ஆயா ஒருவர்தான். வேண்டும் என்றேன்.

பொறுப்பில்லாமல் ஆசை காட்டுகிறாள் என்று சிலர் எழுதக்கூடும். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று வரலாம். முறையான சிகிச்சையில் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நாளும் மாத்திரை தவறாமல், வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தபின்தான் நான் கருவுற்றேன்.

ஆனாலும் பிரசவத்துக்குச் சென்ற இடத்தில் ஒரு செவிலியர், "தெரிந்தே செய்கிறாயே" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கையெழுத்துப் போடும்படி இருமுறை வற்புறுத்தினார். தொற்றுள்ள கர்ப்பிணிக்கு அவருடைய சம்மதமின்றிக் கருத்தடையோ கருக்கலைப்போ செய்யக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்வதை நான் பிறகே அறிந்தேன். அன்று வலியோடு வலியாக, மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

மகளுக்குத் தொற்று வராமலிருக்க ஆறு வாரம் மருந்துச் சொட்டு கொடுத்தேன். பிறகு பரிசோதனைக்காக அவள் குதிகாலில் குத்தி அட்டையில் இரத்தம் எடுத்தார்கள். அவளை விட நான்தான் அதிகம் அழுதேன். இறுதி முடிவுக்குப் பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு எளிதாக இருக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தொற்று இல்லை.

அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும்போது, குழந்தை வேண்டும் என்பதை ஆலோசகரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்களாக ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை.