பரோலோவுக்குச் சூடு ஆகாது: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, இத்தாலியின் பியமோன்ட்டே பகுதியில் நெபியோலோ திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினான பரோலோ பற்றியவை. ஒன்று புருனெல்லோ என்ற இன்னொரு இத்தாலிய ஒயின், ஒன்று பெயரே இல்லாத பாட்டில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். எந்த ஆண்டு, யார் தயாரித்தது, இதுவரை எங்கே வைத்திருந்தீர்கள் என்ற மூன்றையும் எழுதினால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். இதைப் பல முறை கேட்டாகிவிட்டது, இன்னும் பாதிப் பேர் எழுதுவதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): நல்ல விலை கொடுத்து வாங்கிய பரோலோ வெளிறிப்போய் இருக்கிறது. கிளாஸுக்குப் பின்னால் விரல் வைத்தால் விரல் தெரிகிறது. தண்ணீர் கலந்திருப்பார்களா?

இல்லை. நெபியோலோ திராட்சையின் நிறமே அவ்வளவுதான். அதன் தோலில் இருக்கும் சாயம் ஆக்ஸிஜன் பட்டால் சீக்கிரம் மங்கும் வகை. பத்து வருடத்தில் விளிம்பு செங்கல் நிறத்துக்கு வந்துவிடும், இருபதில் கொஞ்சம் ஆரஞ்சு தட்டும். இருபது வருடப் பரோலோ நாவல்பழச் சாறு மாதிரி கறுத்து இருந்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

கேள்வி (பெங்களூரு): 2019 பரோலோ. முதல் மடக்கிலேயே ஈறு இரண்டும் இழுத்துக்கொண்டன. நாக்கு காய்ந்துவிட்டது. கெட்டுப்போனதா?

கெடவில்லை, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அது துவர்ப்பு. வாழைப்பூவையும் கடுக்காயையும் கொட்டைப்பாக்கையும் தெரிந்த நமக்கு டானின் என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றாக அதை வைத்துப் பழகியவர்கள் நாம்.

கவனிக்க வேண்டியது துவர்ப்பின் அளவை அல்ல, அதன் தன்மையை. இளம் பரோலோவில் அது மேல் ஈறில் போய் ஒட்டிக்கொண்டு, பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் சொரசொரவென்று நிற்கும். இருபது வருடம் ஆன நல்ல பாட்டிலில் அதே துவர்ப்பு நாக்கின் இரு பக்கமும் மெதுவாகப் படர்ந்து, விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போகும். டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக அடியில் இறங்கிவிடுவது இதற்கு ஒரு காரணம்.

வாசனைக்கு வருவோம். பரோலோ என்றாலே சாலை போடும் தாரும் ரோஜாவும் என்பார்கள். என் மூக்குக்கு முதிர்ந்த பரோலோ என்பது நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைவதுதான்: அதிமதுரம், காய்ந்த ரோஜா இதழ், பழைய மரப்பெட்டி, அப்புறம் கொஞ்சம் காளான். பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஊற்றியதும் முகர்ந்துவிட்டு வைத்துவிடுங்கள். அரைமணி கழித்துத் திரும்பப் போனால் அதே கிளாஸில் வேறு வாசனை இருக்கும்.

மிச்சம் பாட்டில் இருந்தால் 2030 வரை தொடாதீர்கள். குளிர்ந்த, இருட்டான இடத்தில் படுக்கவைத்து.

கேள்வி (ஊர் எழுதவில்லை): மாமா இறந்த பிறகு அலமாரியில் பழைய இத்தாலிய ஒயின் ஒன்று கிடைத்தது. என்ன விலை போகும்?

ஆண்டு இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை, படம் இல்லை. அலமாரியில் இருந்தது என்று மட்டும் தெரிகிறது. அது தமிழ்நாட்டுச் சூட்டில் இருந்த அலமாரி என்றால் விலையை மறந்துவிடுங்கள்.

கேள்வி (சூரிச்): என்னிடம் 1996, 2003, 2010, 2014, 2016 என்று ஐந்து ஆண்டுகளின் பரோலோ தலா ஒன்று இருக்கிறது. எந்த வரிசையில் திறப்பது?

எல்லாரும் இப்படி எழுதினால் என் வேலை எவ்வளவு சுலபம்! முதலில் 2003. ஐரோப்பாவே கொதித்த கோடை அது. பழம் சீக்கிரம் பழுத்து, ஒயினும் சீக்கிரம் முதிர்ந்தது. அடுத்து 2014. மழை அதிகம் பெய்த ஆண்டு, மெலிந்த உடம்பு, ஆனால் கவனமாகச் செய்தவர்களின் பாட்டிலில் வாசனை அழகாக இருக்கும். 1996 புளிப்பும் துவர்ப்பும் கெட்டியாக நின்ற ஆண்டு. வருடக்கணக்கில் வாயே திறக்காமல் கிடந்தது, இப்போது குடிக்கலாம். 2010 நிதானமாகப் பழுத்த பெரிய ஆண்டு, பொறுக்க முடிந்தால் பொறுங்கள். 2016-ஐக் கடைசியாக.

ஒரே ஆண்டிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. லா மோர்ரா பக்கத்து ஒயின் பொதுவாக முன்னதாக இளகும். செர்ரலுங்கா, மோன்ஃபோர்ட்டே பக்கத்து மண்ணில் விளைந்தது இன்னும் ஐந்தாறு வருடம் கூடுதலாகக் கேட்கும்.

கேள்வி (சென்னை): சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. 2006 பரோலோவை ஃப்ரிட்ஜின் மேல் மூன்று வருடம் வைத்திருந்து, அப்படியே திறந்து குடித்தேன். வேகவைத்த பேரீச்சம்பழம் மாதிரி இருந்தது. பரோலோ என்றாலே இப்படித்தானா?

இந்த "அறை வெப்பநிலை" என்ற சொல்லைப் போல ஒயினுக்குக் கேடு செய்த சொல் வேறு இல்லை. அதில் வரும் அறை உங்கள் அறை அல்ல, என் அறையும் அல்ல. வீடு முழுக்கச் சூடேற்றும் வசதி வருவதற்கு முன் ஐரோப்பாவில் கல் வீடுகள் இருந்தனவே, அந்த அறை. அங்கே 16, 18 டிகிரி இருக்கும். நிலவறையில் 12 டிகிரியில் கிடந்த பாட்டிலை மேலே கொண்டுவந்து கொஞ்ச நேரம் மேஜையில் வையுங்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் முழு அர்த்தம். மே மாதச் சென்னையில் அறை வெப்பநிலை என்றால் 33, 34. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

பரிமாறுவது ஒரு பக்கம், அதையாவது சரிசெய்யலாம். பாட்டில் சூடாக இருந்தால் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது இருபது நிமிடம் ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வருடம் ஃப்ரிட்ஜின் மேல் வைத்ததைச் சரிசெய்ய யாராலும் முடியாது. ஃப்ரிட்ஜ் உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டையெல்லாம் வெளியேதானே தள்ளுகிறது? வீட்டிலேயே சூடும் அதிர்வும் அதிகமான இடத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் 1999 பரோலோ ஆறு பாட்டில் வரவழைத்தேன். ஆகஸ்ட் மாதம். அனுப்பும் நிறுவனத்திடம் குளிர்சாதன வண்டிக்குத் தனியாகப் பணமும் கட்டினேன். பெட்டி சாதாரண வேனில் வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை வெயிலில் நின்றிருக்கிறது. கையில் வாங்கியபோதே அட்டை வெதுவெதுவென்று இருந்தது. முதல் பாட்டிலின் மூக்குமூடியை, அதாவது கார்க்கின் மேல் கழுத்தைச் சுற்றியிருக்கும் உறையை, திருகிப் பார்த்தேன், அசையவில்லை. கத்தியால் கீறி எடுத்தால் கார்க் கண்ணாடி விளிம்பைவிட இரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ளி நிற்கிறது, அதைச் சுற்றிப் பாகுபோல ஒட்டும் ஒரு சிவப்புக் கோடு. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளி வெளியே கசிந்திருக்கிறது. ஆறில் நான்கு அப்படித்தான். திறந்ததும் வந்தது ரோஜா அல்ல, அடிப்பிடித்த ஜாம். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் கொடியைக் கத்தரித்து, அக்டோபர் பனிமூட்டத்தில் குலை குலையாகக் கையால் பறித்து, மூன்று வருடத்துக்கு மேல் பாதுகாத்து ஒருவர் அனுப்பியதை மூன்று நாள் வெயில் முடித்துவிட்டது. நிறுவனத்தார் சொன்ன பதில்: "பாட்டில் எதுவும் உடையவில்லையே." இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன். வைத்திருக்க 12 முதல் 14 டிகிரி. பரிமாற 16 முதல் 18. 25-ஐத் தாண்டி மாதக்கணக்கில் இருந்தால் முதுமை ஓட்டமாக வரும், 30-ஐத் தாண்டினால் சில நாளே போதும். கடையில் வாங்கும்போது மூக்குமூடி சுழல்கிறதா, கார்க் மட்டமாக இருக்கிறதா, கழுத்தில் கசிவுத் தடம் உண்டா என்று பாருங்கள். கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் விளக்குக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தால் அங்கே பரோலோ வாங்காதீர்கள். நீங்கள் குடித்தது பரோலோ அல்ல, பரோலோவுக்கு நேர்ந்த விபத்து.

கேள்வி (சிங்கப்பூர்): குளிரூட்டும் ஒயின் அலமாரி வாங்கும் அளவுக்கு என்னிடம் பாட்டில் இல்லை. சாதாரண ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

ஓரிரு மாதம் என்றால் தாராளமாக. வருடக்கணக்கில் வேண்டாம். 4 டிகிரியில் முதிர்வது ஏறக்குறைய நின்றுவிடும், காற்றும் வறண்டது. நான்கைந்து பாட்டிலுக்கு மேல் வாங்கும் எண்ணம் இருந்தால் பன்னிரண்டு பாட்டில் கொள்ளும் சிறிய அலமாரியே வாங்கிவிடுங்கள். ஈரப்பதம் 70 சதவீதம் பக்கம் இருந்தால் நல்லது. ஒரு மணி நேரம் மின்சாரம் போனால் பதற வேண்டாம், கதவைத் திறக்காமல் இருங்கள். நாள் முழுக்க ஏசி ஓடி இரவில் அணைக்கும் அறையைவிட, மாறாமல் 18 டிகிரி இருக்கும் இடம் மேல். ஏற்ற இறக்கம்தான் கார்க்கைத் தளர்த்தும்.

கேள்வி (டொரோன்டோ): 1989 பரோலோ பரிசாக வந்திருக்கிறது. கீழே கறுப்பாகப் படிந்திருக்கிறது. எப்படித் திறப்பது?

அருமையான ஆண்டு, நிதானமாகச் செய்யுங்கள். இரண்டு நாள் முன்பே பாட்டிலை எழுப்பி நிறுத்துங்கள். நெபியோலோவின் வண்டல் மாவு மாதிரி நுண்மையானது, கலங்கினால் மறுபடி இறங்க நேரமாகும், கசக்கவும் செய்யும்.

திறக்கும் நாளில் மூக்குமூடியை முழுவதும் எடுத்துவிட்டு, வாயை ஈரத்துணியால் துடையுங்கள். சுருள் கம்பி போட்டால் அந்த வயது கார்க் பாதியில் உதிரும். இரண்டு தகடு உள்ள திறப்பான் கிடைக்கும், அதைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடி மெதுவாக எடுங்கள். ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் அப்படியே விடுங்கள். வாய் அகன்ற டிகேன்டர் குடுவையில் கொட்டிக் குலுக்குவது இளம் ஒயினுக்கான வைத்தியம், முப்பது வருடத்துக்கு மேற்பட்டதற்கு அது அடி.

பரிமாறும் நேரத்தில், பாட்டிலின் தோளுக்குக் கீழே கைபேசி விளக்கை வைத்து, ஒரே சாய்வில் நிறுத்தாமல் வேறு பாத்திரத்துக்கு ஊற்றுங்கள். ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு மெல்லிய கோடு கழுத்துக்கு வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். கடைசி ஐம்பது, அறுபது மில்லி போனால் போகட்டும்.

கேள்வி (பாரிஸ்): ரிசெர்வா என்று எழுதியிருந்தால் தரம் உயர்ந்ததா?

காலம் உயர்ந்தது. பரோலோவை விற்கும் முன் 38 மாதம் முதிரவைக்க வேண்டும், அதில் 18 மரப்பீப்பாயில். ரிசெர்வாவுக்கு 62. பக்கத்து ஊர் பார்பரெஸ்கோவுக்கு 26-தான். தரம் தயாரிப்பாளரின் கையில்.

கேள்வி (லண்டன்): பெரிய மரப்பீப்பாயா, சிறிய பாரிக்கா? எது அசல் பரோலோ?

இதற்காகத்தான் 1980, 90-களில் பரோலோ விளையும் லாங்கே குன்றுகளில் அப்பனும் மகனும் பேசாமல் இருந்தார்கள். எலியோ அல்தாரே என்ற தயாரிப்பாளர் தன் அப்பாவின் பழைய பெரும்பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்துப் போட்டார், அப்பா அவருக்குச் சொத்தில் பங்கு இல்லை என்றார். எதிர்ப்பக்கம் நின்ற தயாரிப்பாளர் பார்தோலோ மஸ்கரெல்லோ, பாரிக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் பாட்டில் சீட்டிலேயே கையால் எழுதி ஒட்டினார். பாரிக் என்பது 225 லிட்டர், புதிய மரமென்றால் வனிலா வாசனை ஏறும். பெரும்பீப்பாய் ஆயிரக்கணக்கான லிட்டர், மர வாசனை அநேகமாகத் தெரியாது.

என் மனம் பெரும்பீப்பாய் பக்கம். நெபியோலோவின் ரோஜாவை வனிலா மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு நன்மை விளைந்தது: புதியவர்கள் கொண்டுவந்த சுத்தம், விளைச்சலைக் குறைத்துத் தரத்தைக் கூட்டும் பழக்கம் இரண்டையும் பழையவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி (காரைக்குடி): செட்டிநாட்டுக் கோழியோடு பரோலோ பொருந்துமா?

பொருந்தாது. மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் இரண்டு மடங்காக்கும். மிளகாய் இல்லாமல், கொழுப்போடு மெல்ல வெந்த ஆட்டுக்கால் பாயாவோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (துபாய்): திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. கொஞ்ச நேரம் விட்டால் போய்விடுமா?

போகாது, கூடும். கார்க்கில் வந்த கெடுதல் அது. கார்க்கோடும் ஒயினோடும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி (சேலம்): பரோலோவுக்குச் சொல்லும் பராமரிப்பு புருனெல்லோவுக்கும் உண்டா?

உண்டு. அது தொஸ்கானாவில் மோன்டால்சினோ என்ற ஊரின் சாஞ்சோவேசே திராட்சை, ஆனால் சூடு அதற்கும் ஆகாது.

கேள்வி (மலேசியா): பாதி பாட்டில் மிஞ்சினால்?

இளம் ஒயின் என்றால் கார்க்கை அழுத்தி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் நிற்கும், சில சமயம் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். முப்பது வருடப் பாட்டிலை அன்று இரவே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் மறுநாள் இறைச்சியோடு அடுப்பில் ஏற்றுங்கள். பியமோன்ட்டேயில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைப்பார்கள்.