வெளி குடோன், வெளி வண்டி: கேள்வி பதில்

ஓசூர் பக்கம் ஒரு பிஸ்கட் ஆலையில் பதினெட்டு வருடம் டெஸ்பாட்ச் பார்த்தவன் நான். சரக்கு வைப்பதையும் அனுப்புவதையும் தேர்ட் பார்ட்டியிடம், அதாவது கூலிக்குச் செய்து தரும் வெளி ஆளிடம், விடுவது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி உணவுத் தயாரிப்பாளர்கள் கேட்டவை இவை.

பாலக்கோடு, சிறுதானிய மாவு: அண்ணா, மாதம் ஏழாயிரம் பெட்டி போகிறது. குடோன் நிரம்பி, வராண்டாவில் அடுக்குகிறோம். வெளியில் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம் தம்பி. ஆனால் இப்போது ஒரு பெட்டிக்கு உங்களுக்கு என்ன செலவாகிறது என்று முதலில் தெரிய வேண்டும். வாடகை, லோடுமேன் கூலி, டீசல், எலி கடித்தது, மழையில் நனைந்தது, அப்புறம் தினமும் சாயங்காலம் வண்டி தேடி நீங்கள் போனில் செலவழிக்கும் இரண்டு மணி நேரம். எல்லாம் கூட்டி மாதம் 1,40,000 ரூபாய் என்றால் பெட்டிக்கு 20 ரூபாய். இந்த எண் கையில் இல்லாமல் யாரிடமும் விலை பேசாதீர்கள். குடோன்காரர் முதலில் வாடகையை மட்டும்தான் சொல்வார். இறக்குக்கூலி, ஏற்றுக்கூலி, ஸ்டிக்கர் ஒட்டும் கூலி, மினிமம் பில்லிங் (சரக்கு குறைந்தாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) எல்லாம் பின்னால் வரும்.

வரியையும் பாருங்கள். பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டிய மாவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், குடோன் பில்லுக்கு 18. குடோனுக்குக் கட்டியதை, மாவு விற்றுக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கலாம். கழித்தும் மிஞ்சினால், சேவைக்குக் கட்டிய வரி ரீஃபண்டாகத் திரும்பாது. உச்ச நீதிமன்றமும் 2021இல் இதை உறுதி செய்துவிட்டது. ஆடிட்டரிடம் இந்தக் கணக்கை மட்டும் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குடோனைக் கொடுங்கள், சரக்குக் கணக்கைக் கொடுக்காதீர்கள். எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) எத்தனை பெட்டி, எந்தத் தேதியில் காலாவதி என்பது உங்கள் ஏட்டிலும் இருக்க வேண்டும். கம்பு மாவு அரைத்த பிறகு சீக்கிரம் கசந்துவிடும். பழைய பேட்ச் மூலையில் தங்கிவிட்டால் கடைக்காரர் உங்களைத்தான் திட்டுவார், குடோன்காரரை அல்ல.

காரிமங்கலம்: குடோன்காரரிடம் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தால் போதுமா சார்?

உங்கள் சரக்கு இருக்கப்போகும் அதே முகவரிக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தனி லைசென்ஸ். நகலில் முகவரியும் முடியும் தேதியும் பாருங்கள். உங்கள் ஜிஎஸ்டி பதிவிலும் அந்த குடோனைக் கூடுதல் இடமாகச் சேர்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ்: எங்களுக்கு சீசனில் மட்டும்தான் இடம் வேண்டும். பன்னிரண்டு மாத வாடகை கேட்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். கூழுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் வரத்து ஜூன், ஜூலையில் உச்சம். அதற்குப் பிறகு சரக்கு குறைந்துகொண்டேதான் போகும். டிரம்முக்கு மாதம் இவ்வளவு என்று பேசுங்கள், காலி இடத்துக்கு நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? தரையையும் பாருங்கள். 215 கிலோ டிரம் நான்கு ஒரு பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகையில்) ஏறினால் 860 கிலோ, இரண்டு அடுக்கு வைத்தால் அதன் இரட்டிப்பு. கிருமி நீக்கி, காற்றுப் புகாமல் அடைத்த அசெப்டிக் கூழுக்கு குளிர்பதனக் கிடங்கு தேவையில்லை. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே வெயிலில் கிடந்தால் நிறம் கருக்கும், வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

ஓசூர்: அத்திப்பள்ளி தாண்டி குடோன் போட்டால் பெங்களூரு மார்க்கெட் கைக்கெட்டும் தூரம். கிருஷ்ணகிரியில் ஏன் வைக்க வேண்டும்?

எல்லை தாண்டினால் கர்நாடகத்தில் தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உங்கள் சரக்கை உங்கள் குடோனுக்கே அனுப்பினாலும் வரி போட்டுத்தான் அனுப்ப வேண்டும், பணம் அதில் முடங்கும். கிருஷ்ணகிரியில் சென்னை ரோடும் சேலம் ரோடும் பெங்களூரு ரோடும் சந்திக்கின்றன, திருவண்ணாமலை வழியும் இருக்கிறது.

மறுபடி ஓசூர்: ரோடு இருந்து என்ன சார்? வண்டி ஓசூரில்தான் நிற்கிறது. கிருஷ்ணகிரிக்கு வரச் சொன்னால் காலி ஓட்டத்துக்கும் சேர்த்துக் கேட்கிறான்.

நியாயம்தான், பார்ட் லோடுக்கு (வண்டி நிறையாத சரக்குக்கு) ஓசூரில் வண்டி சுலபம். ஆனால் உங்கள் பில் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஆலை கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து, பாதிக்கு மேல் சேலம், கோவை, மதுரை என்றால், ஓசூரில் வைப்பதற்காக ஐம்பது கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் அதே ரோட்டில் திரும்ப இறக்குகிறீர்கள்.

தர்மபுரி: அப்படியானால் எங்கள் ஊரிலேயே வைக்கலாமே? தெற்கே போக இன்னும் கிட்டம்.

தெற்கு வியாபாரம் மட்டும் என்றால் தர்மபுரியே சரி, இதில் உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. தர்மபுரி வழியாக சேலம் ரோட்டில் எங்கிருந்து போனாலும் தொப்பூர் மலை இறக்கத்தில்தான் இறங்க வேண்டும். அங்கே நடந்த விபத்துகள் நம் எல்லோருக்கும் தெரியும். வண்டிக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி அனுப்புங்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று டிரைவரை விரட்டாதீர்கள். பெட்டி நசுங்கினால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

ஊத்தங்கரை: சதுர அடிக்கு எவ்வளவு வாடகை?

இதைக் கேட்பதில் நீங்கள் ஐந்தாவது ஆள். சதுர அடி விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாலக்கோடு தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பர்கூர், முறுக்கு: லாரியில் போன சரக்கு பாதி காணோம். டிரான்ஸ்போர்ட்காரர் கொஞ்சம்தான் தருவேன் என்கிறார்.

சட்டம் அவர் பக்கம் இருக்கலாம் அம்மா. சரக்கின் மதிப்பைத் தனியாக அறிவித்து ஏற்றாவிட்டால், சாலைச் சரக்குப் போக்குவரத்து விதிகளின்படி அவருடைய பொறுப்பு பொதுவாக வாடகையின் பத்து மடங்கு வரைதான். 4,000 ரூபாய் வாடகை என்றால் 40,000. புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கும் போட முடியாது, இன்றே அனுப்புங்கள். இனிமேல் வழியில் போகும் சரக்குக்கான டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுங்கள். குடோனுக்கும் இதேதான். அவருடைய பாலிசி கட்டடத்துக்கு மட்டும் இருக்கலாம். உங்கள் சரக்குக்கு நீங்கள்தான், அந்த முகவரியைக் குறிப்பிட்டு, எடுக்க வேண்டும்.

பென்னாகரம்: புளியும் ராகி பிஸ்கட்டும் ஒரே குடோனில் வைக்கலாமா?

வேண்டாம். பக்கத்துத் தடுப்பில் ஊதுபத்தி, சோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், பிஸ்கட் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

சூளகிரி: துபாய்க்கு அனுப்பப் பேப்பர் என்னென்ன வேண்டும்?

ஏற்றுமதி என் துறை இல்லை. கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கேளுங்கள்.

மத்தூர்: திங்கள்கிழமை கையெழுத்துப் போடுகிறோம். எதைப் பார்க்க வேண்டும் அண்ணா?

பில் பாக்கி இருந்தால் சரக்கைப் பிடித்து வைக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். பாக்கித் தொகையின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று மாற்றச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நீங்கள் போய் எண்ணும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பவும் சொல்கிறேன், கணக்கு உங்களிடம் இருக்கட்டும். எங்கள் ஆலையில் குடோன் மாற்றியபோது எண்ணாமல் ஏற்றிவிட்டோம். மூன்று மாதம் கழித்து 400 பெட்டி குறைந்தது. பழைய இடத்தில் போனதா, வண்டியில் போனதா, புது இடத்தில் போனதா என்று கடைசிவரை தெரியவில்லை. பழி டெஸ்பாட்ச் பையன் ஒருவன் மேல் விழுந்தது, அவன் வேலையை விட்டுப் போனான். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூப்பிட்டு பேட்ச் வாரியாக எண்ணிவிடுங்கள். குடோன்காரரின் ஆளையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள்.