நூல் காசு

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். அரசாங்க வேலை, இரண்டு பிள்ளைகள். கனடாவில் இருக்கும் என் தங்கச்சி, பனி கொட்டும் சனி ஞாயிறுகளில் நூலும் ஊசியுமாக யன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். மடியில் பூனை. வீடியோ கோலில் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. போன முறை வந்தபோது ஒரு பை நிறையக் கம்பளி நூலும் ஊசிகளும் தந்துவிட்டுப் போனாள்.

போன சனி, ஞாயிறு இங்கே மழை விடவேயில்லை. கரண்டும் போய்ப் போய் வந்தது. சமையலைச் சுருக்கிவிட்டு இரண்டு நாளும் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேதான். பூனை நூலுருண்டையை வீடு முழுக்க இழுத்துத் திரிந்தது. ஒரு துண்டை விழுங்கியும் விட்டது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. மறுநாள் எப்படியோ வெளியே வந்துவிட்டது. நாய்க்கு ஒரு சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். மாமி, “இந்த வெக்கைக்கு ஆருக்குப் புள்ள கம்பளி?” என்கிறார். கந்தோரில் கூட இருப்பவர்கள் பேஸ்புக்கில் ஒரு பேஜ் போட்டு விற்கச் சொல்கிறார்கள். நூல் காசு வந்தாலே போதும் என்று எனக்கும் தோன்றுகிறது. இரண்டு நாள் சும்மா இதில் போவது குற்றவுணர்வாக இருக்கிறது. விற்றால் அது போய்விடும் அல்லவா? எங்கள் காலநிலைக்கு எந்த நூல் பொருத்தம்? மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைப்பது?

ச.

*

அன்புள்ள ச.,

மாமியோடு சண்டைக்குப் போகவேண்டாம். அவர் சொல்வது பாதி சரி. மார்கழி விடியற்காலையில்கூட நம் பக்கம் 23 பாகை அளவில் குளிர் நின்றுவிடும். தங்கச்சியின் பனி அவளுக்கு. ஆனாலும் இரண்டு நாள் மழை பெய்தால் மப்ளர் கட்டாத கிழவர் இந்த மாவட்டத்தில் உண்டா? வீட்டில் ஒரு குழந்தை பிறக்கட்டும், தொப்பி எங்கே என்று முதலில் கேட்கப்போவதும் அதே மாமிதான்.

நாய்ச் சட்டையை விடுங்கள். மாரியில் நம் ஊர் நாய் நனையாமல் இருக்காது. நனைந்த கம்பளியை உடம்பில் கட்டிக்கொண்டு திரிவதைவிட, விறாந்தையில் காய்ந்த சாக்கு ஒன்று அதற்கு மேல்.

பூனை விஷயத்தில் எனக்குக் கோபம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் பார்த்துச் சரிந்திருக்கும். வாய்க்குள் போன நூலை அது துப்ப நினைத்தாலும் முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு நுனி நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொண்டு, மறு நுனி குடலுக்குள் இறங்கினால் குடல் அந்த நூலில் சுருக்குப் பை மாதிரிச் சுருங்கிவிடும். பிறகு நூல் குடலை அறுக்கும். சத்திரசிகிச்சை இல்லாமல் தப்புவது கஷ்டம். உங்கள் பூனைக்கு இந்த முறை நல்ல காலம், அவ்வளவுதான். சாப்பிடாமல், சத்தி எடுத்துக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே ஒளிந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தெரிந்தால் தயவுசெய்து பிடித்து இழுக்கவேண்டாம். வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

சரி. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதெல்லாம் அல்ல. “நூல் காசு வந்தாலே போதும்” என்ற அந்த ஒரு வரி.

சில மாதங்களுக்கு முன் நகரத்தில் ஒரு கைப்பணிக் கண்காட்சி நடந்தது. மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள், பன் பாய்கள், பனையோலைப் பெட்டிகள், வழக்கமான எல்லாம். கடைசி மேசையில் ஒரு பெண் குரோஷே விரிப்புகளைப் பரப்பிவைத்திருந்தார். ஆள் வந்து விலை கேட்கும்போதும் கை நிற்கவில்லை. ஊசியைத் தாங்கும் விரலில் ஓரமாக ஒரு தழும்பு, மினுமினுவென்று காய்ந்து போயிருந்தது. நன்றாக உடுத்திய ஒரு அம்மணி விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலையைக் கேட்டு, “எங்கட ஒபிஸில ஒரு புள்ள நூல் காசுக்கே செஞ்சு தருவாவே” என்று சொல்லிவிட்டு, கேட்டதில் பாதியில் தொடங்கினார். அந்தப் பெண் பதிலே சொல்லவில்லை. கடைசியில் பாதிக்குச் சற்று மேலே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த ஒபிஸ் புள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது கடிதமே வந்திருக்கிறது!

நீங்கள் அவரில்லை, தெரியும். ஆனால் நீங்களும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறீர்கள், தங்கச்சி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்குக்கு இயந்திரம் வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தது 1589இல். நீங்கள் போட்டிருக்கும் டீசேட்டும் மெஷினில் பின்னியதுதான். குரோஷே அப்படியில்லை. உண்மையான குரோஷேயைப் பின்னும் மெஷின் எந்தத் தொழிற்சாலையிலும் ஓடுவதில்லை. அதைப்போலத் தெரியும் சில கரைகள் மெஷினில் வருகின்றன, கிட்டப் போய்ப் பார்த்தால் அது வேறு பின்னல். உண்மையான குரோஷே என்றால், கொழும்புக் கடையில் மலிவாகத் தொங்கும் சட்டையாக இருந்தாலும், எங்கோ ஒருத்தி ஒரு ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்தது. ஆகவே இந்தத் தொழிலில் உங்களுக்குப் போட்டி மெஷின் அல்ல, இன்னொரு பெண்ணின் கை. மாதம் முடிய உங்களுக்குச் சம்பளம் வரும். அவருக்கு அந்த மேசைதான் சம்பளம். நீங்கள் குற்றவுணர்வு தீர நூல் காசுக்கு ஒரு விரிப்பை விற்றால், ஊரில் அந்த விரிப்பின் விலையே நூல் காசு என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அவர் தன் நேரத்துக்குக் காசு கேட்டால் பேராசைக்காரி.

இது புதுக் கதையும் இல்லை. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கன்னியாஸ்திரி மடங்களில் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே றேந்தை, அதாவது லேஸ், சொல்லிக்கொடுத்தார்கள். அதை விற்றுப் பல குடும்பங்கள் உயிர் தப்பின. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. நம் பக்கமும் 2004 சுனாமிக்குப் பிறகு, பிறகு போர் ஓய்ந்ததும், வாழ்வாதாரம் என்று சொல்லிக்கொண்டு எத்தனை பயிற்சிகள் வந்தன. தையல், பின்னல், மெழுகுதிரி, கடைசி நாளில் சான்றிதழும் குழுப்படமும். ஒரே கிராமத்தில் முப்பது பேருக்கு ஒரே கைப்பையைச் செய்யப் பழக்கிவிட்டுப் போனால் யார் யாரிடம் விற்பது? விலை போடுவது எப்படி, பேரம் பேச வருகிறவருக்கு என்ன சொல்வது என்று ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். போகட்டும். ஆனால் அந்தப் பயிற்சிகள் நம் தலையில் ஒன்றை ஏற்றிவிட்டுப் போயின. ஒரு பெண் கையில் நூலோடு உட்கார்ந்திருந்தால் “இதை விற்கலாமே” என்று பார்க்கிறவர் எல்லாரும் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் கிரிக்கெட் பார்த்தால் அதை விற்கச் சொல்லி யாரும் கேட்பதில்லையே.

என் பெரியம்மா குருக்கள்மடத்தில் இருந்தவர். பெரியப்பாவுக்கு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல். மாரி வெள்ளாமை விதைத்து முடிந்ததும் அவர் வாவியைக் கடந்து அம்பிளாந்துறைப் பக்கம் காவலுக்குப் போய்விடுவார். பிறகு வீட்டில் பெரியம்மா, மழை, பூனைகள். குரோஷே ஊசி வெளியே வரும். எழுபதுகளில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம், கடையில் நூல் கிடையாது. அதனால் போன மாரியில் செய்ததை இந்த மாரியில் பிரிப்பார். றேடியோ உறை மேசை விரிப்பாகும், மேசை விரிப்பு அடுத்த வருடம் தலையணைக் கரையாகும். பிரித்த நூல் நெளிந்து சுருண்டு கிடக்கும், அப்படியே பின்னினால் கண்ணி ஒழுங்காக விழாது. அதைக் கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, கீழே ஒரு இறாத்தல் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். வெயில் இல்லாத நாட்களில் தொங்கும் இடம் அடுப்புக்கு மேலே. அதனால் அவருடைய றேந்தை எல்லாவற்றிலும் மெல்லிய புகை மணம் இருக்கும். பூனைகளுக்கு எட்டாமல் இருக்க நூலுருண்டையை மூக்குப்பேணிக்குள் போட்டு, மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, மூக்கு வழியாக நூலை எடுப்பார். உங்கள் தங்கச்சி நூல் கிண்ணம் என்று காசு கொடுத்து வாங்கியிருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

ஒரு முறை ஊரில் பெரிய வயற்காரரான போடியார் வீட்டுக் கலியாணத்துக்கு விரிப்பு ஒன்று வேண்டும், காசு தருகிறோம் என்று ஆள் வந்தது. “காசுக்கெண்டா எனக்குக் கை ஓடாது” என்று, இருந்ததையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த மாரி முழுக்க நூல் இல்லாமல் எங்கள் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கடைகளில் ஆங்கர் நூல் கலர் கலராக வந்தது, அம்மா ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார். பெரியம்மா அதை அலுமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் பழையதையே பிரித்தார். 1978 கார்த்திகைச் சூறாவளியில் வீட்டு ஓடும் போய், றேடியோவும் போனது. மூக்குப்பேணிக்குள் இருந்த நூல் தப்பிவிட்டது என்று பிறகு எல்லாரிடமும் சொல்லுவார். உண்மையோ, அவர் கட்டிய கதையோ.

அவர் வசதியானவரும் இல்லை. கோழி விற்றார், நெல் அவித்து விற்றார், எல்லாவற்றுக்கும் சதம் சதமாகக் கணக்கு வைத்திருந்தார். இது ஒன்றை மட்டும் அந்தக் கணக்குக் கொப்பிக்குள் கொண்டுவரவில்லை. உங்கள் குற்றவுணர்வுக்கு என்னிடம் வேறு மருந்து இல்லை. சனி ஞாயிறு உங்களுடையது. மழையும் இலவசம்.

நூல் கேட்டிருந்தீர்கள் அல்லவா. பருத்தி வாங்குங்கள், காரத்தில் பதப்படுத்திய மினுக்கமான மெர்சரைஸ் பருத்தி என்றால் இன்னும் நல்லது. அக்ரிலிக் பூஞ்சணம் பிடிக்காது, ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கரண்ட் போகும் வீட்டில் மெழுகுதிரிப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு உட்காரவேண்டாம். தங்கச்சியின் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம் ஈரத்தைக் குடித்தாலும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. காய்ந்துவிட்டது என்று அலுமாரியில் பூட்டிவிடுவீர்கள், தை பிறந்து திறந்தால் நாற்றம். வெயில் எறித்த நாளில் காயவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். பூச்சி உருண்டை போடாதீர்கள், பூனைக்கு நஞ்சு. கைக்குழந்தையின் துணியோடும் அது சேரக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் பேஜ் போட்டே தீருவேன் என்றால், போடுங்கள். ஆனால் மணித்தியாலக் கணக்கை எழுதிவைத்து, அந்த மேசைக்காரப் பெண் கேட்கும் முழு விலைக்கும் மேலே ஒரு விலை போடுங்கள். உங்களிடம் ஒருவரும் வாங்கமாட்டார்கள், அவரிடம் போவார்கள்.