வெளிநாட்டில் சம்பளத்தில் பிடித்த பென்ஷன் பணம்: கேள்வி பதில்

பி.எஃப். அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மன்னார்குடியில் இருக்கிறேன். கேளுங்கள்.

கும்பகோணம்: ஜப்பானில் ஆறு வருஷம், அதற்கு முன் சென்னையில் நாலரை வருஷம் வேலை. ஜப்பான் பணத்தை மொத்தமாக வாங்கிவிடலாமா?

நாடு திரும்பிய இரண்டு வருஷத்துக்குள் கேட்டால் தருவார்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். இரண்டு நாட்டு வேலை வருஷங்களையும் பென்ஷனுக்குச் சேர்த்துக் கணக்கிட வழி செய்யும் இந்தியா-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அங்கே பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும். உங்கள் ஆறோடு இங்குள்ள நாலரையைக் கூட்டினால் தாண்டிவிடுகிறது. 65 வயதிலிருந்து ஜப்பான் தன் ஆறு வருஷத்துக்கான பங்கைத் தரும். மொத்தமாக வாங்கினால் அந்த ஆறும் கணக்கிலிருந்து அழிந்துவிடும், அப்புறம் கூட்ட ஒன்றும் இருக்காது. இங்கேயும் பி.எஃப். பென்ஷனை 10-சி படிவத்தில் பணமாக எடுக்காமல், வேலை பார்த்த வருஷங்களைக் காட்டும் ஸ்கீம் சான்றிதழாக வாங்கி வையுங்கள்.

கூத்தாநல்லூர்: குவைத்தில் 12 வருஷம். பென்ஷன் உண்டா?

வளைகுடா நாடுகளோடு நமக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. பணிக்கொடை உண்டு: மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஐந்து வருஷம், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். தொகையைப் பார்க்காமல் 'கணக்கு முடிந்தது' தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: அமெரிக்காவில் ஏழு வருஷம்.

ஒப்பந்தம் இல்லை. 40 கிரெடிட், அதாவது பத்து வருஷ வேலை, அங்கேயே சேர வேண்டும்.

பட்டுக்கோட்டை: மகனை கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்புகிறது. இரண்டு பக்கமும் பிடிப்பார்களா?

ஜெர்மனியோடும் ஒப்பந்தம் உண்டு. இங்கேயே பிடிக்கிறார்கள் என்று காட்டும் கவரேஜ் சான்றிதழை கம்பெனி இ.பி.எஃப்.ஓ.வில் (நம் பி.எஃப். அமைப்பு) வாங்கிக் கொடுத்தால் 48 மாதம் வரை அங்கே பென்ஷனுக்குப் பிடிக்க மாட்டார்கள். விமானம் ஏறுவதற்கு முன் கையில் இருக்கட்டும்.

திருவாரூர்: கும்பகோணத்துக்காரருக்கு நீங்கள் சொன்னது சரியில்லை. 65 வரை யார் இருப்பார்கள்? கைக்கு வந்த காசு பெரிசு.

நாகப்பட்டினம்: அப்படிச் சொல்லித்தான் என் அண்ணன் வாங்கினார். வீட்டு மாடி எழும்பியது, பென்ஷன் போச்சு.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடன் கழுத்தைப் பிடித்தால் எடுங்கள், அது உங்கள் உழைப்பு. ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து எடுங்கள். ஜப்பான் மொத்தமாகத் தரும் தொகையை இப்போதைக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் கணக்கிடுவதில்லை. கும்பகோணத்துக்காரரின் ஆறாவது வருஷத்துக்கு ஒரு யென்கூட வராது.

மாயவரம்: ஜப்பான் பணத்தை எடுக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி ஐந்தாவது முறை.

கும்பகோணம்: ஐயா, எடுக்கவில்லை. நீல அட்டை பென்ஷன் புத்தகம் இருக்கிறது, ஓரம் கரையான் அரித்துவிட்டது.

எண் தெரிகிறதா? இன்றைக்கே போட்டோ எடுங்கள். புத்தகத்தை நிலப் பட்டா இருக்கும் பெட்டியில் வையுங்கள், உங்கள் மனைவிக்கும் காட்டிவிடுங்கள்.