குறட்டையும் சி.ஆர்.பி.யும்: கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் பலமாகக் குறட்டை விடுகிறார். ரத்தப் பரிசோதனையில் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 4.2 வந்திருக்கிறது. தூக்கத்தில் மூச்சுத்திணறல் நோய் என்று உறுதியாகிவிட்டதா, டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. சி.ஆர்.பி. என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்; அதை நுட்பமாக அளக்கும் பரிசோதனைதான் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்றுதான் அது சொல்லும், எங்கே என்று சொல்லாது. ஈறு வீங்கினாலும் ஏறும், புகைபிடித்தாலும் ஏறும், தொப்பை வைத்தாலும் ஏறும். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் இதய நோய் அபாயம் கூடுதல் என்பார்கள். 10ஐத் தாண்டினால் முதலில் ஏதாவது தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் கணவருக்குத் தேவை தூக்கப் பரிசோதனை. மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று அதில் எண்ணுவார்கள். 5க்குக் கீழே இயல்பு; 30ஓ அதற்கு மேலோ என்றால் கடுமை. அவர் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதை நீங்கள் பார்த்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த நோயில் தூங்கும்போது தொண்டை அடைபடும் என்கிறார்கள். அதற்கும் ரத்தத்தில் சி.ஆர்.பி. ஏறுவதற்கும் என்ன தொடர்பு?

பதில்: ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்சிஜன் சரிகிறது, மூச்சு திரும்பியதும் ஏறுகிறது. இரவு முழுவதும் இந்த ஏற்ற இறக்கம் நடப்பதால் திசுக்களை அரிக்கும் வேதிப்பொருள்கள் பெருகி, செல்களில் அழற்சி மரபணுக்களைத் தூண்டுகின்றன. டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சுரக்கின்றன. இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தட்டியெழுப்ப, அது சி.ஆர்.பி.யைச் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், வயிற்றுக் கொழுப்பும் இதே இன்டர்லூகின்-6ஐச் சுரக்கிறது. இந்த நோயாளிகளில் பலர் பருமனானவர்கள். எது யாருடைய கைவரிசை என்று பிரிப்பது கடினம்.

கேள்வி: மாதக்கணக்கில் சிபாப் மாட்டித் தூங்குகிறேன். சி.ஆர்.பி. அசையவே இல்லை. பணம் வீணா?

பதில்: வீணில்லை. சிபாப் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. அமெரிக்காவில் பருமனான நோயாளிகளிடம் 24 வாரம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், எடை குறைத்தவர்களுக்குச் சி.ஆர்.பி. இறங்கியது; சிபாப் மட்டும் போட்டவர்களுக்கு இறங்கவில்லை. பகல் தூக்கம் குறைந்திருக்கிறதா, ரத்த அழுத்தம் எப்படி என்று பாருங்கள். சி.ஆர்.பி. இறங்க வேண்டுமானால் எடையையும் குறையுங்கள்.

கேள்வி: இன்டர்லூகின்-6 பரிசோதனையும் எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். ஆராய்ச்சிக்கு உதவும், உங்கள் சிகிச்சையை மாற்றாது.

கேள்வி: நான் ஒல்லி, சி.ஆர்.பி. 0.6. குறட்டையும் பகல் தூக்கமும் உண்டு. பயமில்லையே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. கீழ்த்தாடை உள்வாங்கியிருந்தாலோ டான்சில் பெருத்திருந்தாலோ ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வரும். வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது என்றால், பரிசோதனை முடியும்வரை சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.