பிளிம்சாலின் கோடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் உரையைக் கேட்டபின், கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றுவதை எதிர்த்துப் போராடிய சாமுவேல் பிளிம்சாலைப் பற்றித் தேடிப் படித்தேன். 1875 ஜூலை 22 அன்று பிரதமர் டிஸ்ரேலியின் அரசு வணிகக் கப்பல் மசோதாவைக் கைவிட்டபோது, அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கையை ஓங்கிக் கத்தியிருக்கிறார்; அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. பதவியில்லாத பின்வரிசை உறுப்பினருக்குக் கூச்சல்தான் ஆயுதமா? மாலுமிகளின் நிலை பற்றிய அவருடைய நூலில் பிழைகள் உண்டு என்கிறார்களே?

ச.

அன்புள்ள ச.,

பிழைகள் உண்டு, அவதூறு வழக்குகளும் வந்தன. அவற்றால் மூழ்கிய கப்பல் எதுவும் மேலே வந்துவிடவில்லை.

மற்றபடி உங்கள் அவசரம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. டெர்பி தொகுதியின் லிபரல் உறுப்பினராக 1868 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அவையில் இருந்தவரின் ஒரே ஒரு பிற்பகலைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். 1873-இல் அவர் நூல் எழுதினார், ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு அமைந்தது; அதுவோ சட்டப்படியான சுமைக்கோடு, அதாவது சரக்கேற்றிய கப்பல் எதுவரை நீரில் அமிழலாம் என்று பக்கவாட்டில் காட்டும் கோடு, வேண்டாம் என்றது. 1874-இல் அவருடைய மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது. இத்தனைக்கும் பிறகுதான் எதிரில் இருந்தவர்களை அயோக்கியர்கள் என்றார். ஒரு வாரம் கழித்து மன்னிப்பும் கேட்டார்.

கூச்சலால் வந்த சட்டத்தில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? 1875-இன் அவசரச் சட்டமும் அதை நிலைப்படுத்திய 1876-இன் சட்டமும் கோடு வேண்டும் என்றன. ஆனால் அதை எந்த உயரத்தில் போடுவது என்பதைக் கப்பல் முதலாளியிடமே விட்டுவிட்டன. அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, அதற்கு மேல் காப்பீடும் எடுத்து, மாலுமிகளைக் கடலுக்கு அனுப்பியவர்களிடமே தூரிகையைக் கொடுத்த ஏற்பாடு அது. ஒரு கப்பல்தலைவர் புகைபோக்கியிலேயே கோட்டைத் தீட்டினார் என்றொரு கதை உண்டு. எந்தச் சட்டத்தையும் நான் பின்பக்கத்திலிருந்து, தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று சொல்லும் உட்பிரிவிலிருந்துதான் படிப்பேன். கைதட்டலெல்லாம் முதல் பக்கத்துக்கே போய்விடுகிறது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதிய என் பெரியப்பா, சிறுவனான எனக்குக் கப்பலின் பக்கவாட்டில் குறுக்குக் கோடு ஓடும் வட்டத்தையும், அருகே ஏணிப்படிபோல் இருந்த சிறு கோடுகளையும் காட்டியிருக்கிறார். வெப்பக் கடலுக்குரிய 'டி' எழுத்தைச் சுட்டி, "அது முங்கிட்டா எவன் சொன்னாலும் ஒரு மூட்டை ஏத்தக் கூடாதுல" என்றார். அந்த 'எவன் சொன்னாலும்' 1876-இல் இல்லை. கோட்டின் இடத்தை அரசின் வர்த்தக வாரியம் விதிப்படி தீர்மானிக்கும் என்று ஆனது 1890-இல்தான்.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, தேர்தலில் தோற்றுப்போயிருந்த சக லிபரல் தலைவர் ஹார்கோர்ட் அவைக்குள் வருவதற்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்து பிளிம்சால் வெளியேறியிருந்தார். நல்ல மனம் உங்களுடையது, அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்து வாசித்துவிட்டு எழுதுங்கள்.