மாதம் 50 டாலர்தானே என்று ஒரு டர்போ

கேள்வி: கால்கரியில் இருக்கிறேன், வயது 41, ஒரு எண்ணெய் நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை. மனைவிக்குப் பகுதிநேர வேலை, பிள்ளைகளுக்கு வயது 9, 6. குளிர்காலத்தில் எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வண்டிதான். வருடத்தில் 12 நாள் போல ரெவல்ஸ்டோக் பக்கம் மலைக்குப் போவோம். என் வண்டி 2021 மாடல், 850 சிசி எஞ்சின், காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டுகிற டர்போ இல்லாதது, வாரண்டி முடிந்துவிட்டது. மச்சான் போன வருடம் கம்பெனி டர்போ வண்டி, அதாவது தயாரிக்கும்போதே டர்போ வைத்து வருகிறது, எடுத்தார். அன்றிலிருந்து நான் பாதி மலையில் புதைந்து நிற்க, அவர் மேலே நின்று கையாட்டுகிறார். என் வண்டியில் வெளியில் வாங்கிப் பொருத்துகிற டர்போ கிட்டுக்கு விலை கேட்டேன்: கிட் 7,500, பொருத்தும் கூலியும் கிளட்ச் வேலையும் 1,700, வரியோடு 9,660 டாலர். வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்கிற லைன் ஆஃப் கிரெடிட்டில் இப்போது 31,000 கடன் நிற்கிறது, வட்டி 6 சதவீதம், இன்னும் 74,000 எடுக்கலாம். அதில் எடுத்தால் மாதம் 50 டாலர்தான் கூடும். மச்சான் தன் பழைய 800 வண்டியில் இருந்து கழற்றிய கிட்டை 4,500க்குத் தருகிறேன், மெதுவாகக் கொடு என்கிறார். எல்லாச் செலவும் போக மாதம் 700 மிஞ்சுகிறது. ஆனாலும் ஏனோ பயமாக இருக்கிறது. எந்தக் கிட்டை எடுக்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். காரணம் சொல்கிறேன், ஆனால் அது டர்போவைப் பற்றியது குறைவு, உங்கள் லைனைப் பற்றியதுதான் அதிகம்.

31,000 எப்படிச் சேர்ந்தது என்று திருப்பிக் கேட்டிருந்தேன். நீங்கள் அனுப்பிய கணக்கு இது: 2018ல் பழைய ஸ்லெட் (ஸ்னோமொபைல்தான்) ஒன்று 9,000, 2021ல் இப்போதைய வண்டி 16,500, அதே வருடம் 8,500க்கு ஒரு மூடிய டிரெய்லர், பிறகு பனிச்சரிவில் காக்கிற ஏர்பேக் பைகளும் உடுப்புகளும் 2,500. முதல் ஸ்லெட்டை 2021ல் 5,500க்கு விற்றீர்கள். அந்தப் பணம் லைனுக்குப் போகவில்லை, நேரே டிரெய்லருக்குப் போயிருக்கிறது, மிச்சம் 3,000 மறுபடி லைனில். எல்லாம் கூட்டினால் சரியாக 31,000. அதாவது இத்தனை வருடத்தில் அசலில் ஒரு டாலர்கூட நீங்கள் கட்டவில்லை. மாதம் 155 டாலர் வட்டி போகிறது, அவ்வளவுதான்.

முதல் ஸ்லெட் இப்போது யாரிடம் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் வட்டி இறங்கியும் ஏறியும் இருக்கும், சராசரி 5 சதவீதம் என்றே வைப்போம்: 9,000க்கு வருடம் 450, ஏழு வருடத்துக்கு மூவாயிரத்துக்கு மேல். அந்த 9,000 அப்படியே நிற்கிறது.

இதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். "மாதம் 50 டாலர்தான் கூடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கில் பிழை இல்லை, 9,660க்கு 6 சதவீதம் என்றால் மாதம் 48 டாலர் சொச்சம் வரும். ஆனால் அது வட்டி மட்டும். அசலை எப்போது கட்டுவது என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை, 2018லும் இருந்திருக்காது, 2021லும் இருந்திருக்காது. இந்த முறையில் பார்த்தால் உலகத்தில் எந்தப் பொருளும் மலிவுதான்.

அந்த 74,000 எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? உங்களுடையது அடமானக் கடனோடு சேர்த்துக் கட்டிய லைன் என்று நினைக்கிறேன். அதில் அடமானத்தின் அசல் ஒவ்வொரு தவணையிலும் குறையக் குறைய, லைனில் எடுக்கக்கூடிய தொகை தானாக ஏறும். நீங்களும் மனைவியும் உழைத்து வீட்டுக் கடனை அடைக்கிறீர்கள், அடைத்த அந்தப் பணமே வங்கியின் செயலியில் பச்சை நிறத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி வந்து நிற்கிறது. ஆளை மயக்குவதற்கு இதைவிட நல்ல வழி வங்கிக்குக் கிடைக்காது. இன்னொன்று, இந்த மாதிரி லைன்கள் பெரும்பாலும் வங்கி நினைத்தால் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம் என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன, வட்டியும் நிலையானதில்லை. 2022, 2023ல் வட்டி ஏறியபோது உங்கள் மாதக் கட்டணம் எவ்வளவு போனது என்று பழைய ஸ்டேட்மெண்டை எடுத்துப் பாருங்கள்.

சரி, டர்போவுக்கு வருவோம். மலையில் காற்று மெலிந்துபோவதால் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி போகும், இது உங்களுக்கே தெரியும். 165 குதிரைத்திறன் என்று விற்ற எஞ்சின் 7,000 அடியில் 130 பக்கம்தான் தரும். டர்போ அதைத் திருப்பிக் கொடுக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்த ஆசையும் எனக்குப் புரிகிறது. ஆனால் விலைப் பட்டியலில் 9,660 என்று இருப்பது தொடக்கம் மட்டுமே. எரிபொருள் கூடும், பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளுகிற காற்றழுத்தத்தை, கொஞ்சம் ஏற்றினால் பம்பில் அடிக்கிற பிரீமியம் பெட்ரோல் போதாது, ரேஸ் எரிபொருள் தேடவேண்டும் (குறைவாகவே வைத்துக்கொள்வேன் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்). பெல்ட் சீக்கிரம் போகும், ஒரு பெல்ட் 200 டாலருக்கு மேல். எரிபொருள் அளவு கொஞ்சம் குறைந்து ஓடினாலே பிஸ்டன் கருகிப்போகிற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இது, அப்படி ஆனால் செலவு ஆயிரக்கணக்கில். வாரண்டி முடிந்துவிட்டதால் இழக்க ஒன்றும் இல்லை என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது: எஞ்சின் போனால் கேட்க யாருமே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

நாலு குளிர்காலம் ஓட்டுவீர்கள் என்று வைத்து, தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். கிட் 9,660. நாலு வருட வட்டி, அசல் கட்டாமல், 2,300. கூடுதல் எரிபொருள், பெல்ட், சில்லறை வேலைகள் வருடம் 600 என்றால் 2,400. விற்கும்போது கிட்டால் 3,000 அதிகம் கிடைக்கும் என்று தாராளமாகவே கழிப்போம். நிகரம் 11,300க்கு மேல். 48 நாள் ஓட்டினால் ஒரு நாளுக்கு 235 டாலர் வரும். இது டர்போவுக்கு மட்டும். வண்டி, டிரெய்லர், ரோஜர்ஸ் கணவாய் தாண்டிப் போய்வரும் பெட்ரோல், தங்குமிடம் எல்லாம் தனி. எஞ்சின் ஒரு தடவைகூடப் போகாது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு என்பதையும் மறக்கவேண்டாம்.

அந்த 3,000கூடக் கிடைக்குமா என்பது சந்தேகம். வண்டி செய்கிற ஸ்கீ-டூ 2020 மாடலிலேயே கம்பெனி டர்போ வைத்த டூ-ஸ்ட்ரோக் மலை வண்டியைக் கொண்டுவந்துவிட்டது, போலாரிஸ் 2022 மாடலில் வந்தது. பழைய வண்டி வாங்க வருகிறவருக்கு இப்போது அந்த வழி இருக்கிறது. வெளியில் பொருத்திய கிட் என்றதும் "இதை எப்படி முறித்திருப்பானோ" என்று விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார்.

மச்சானின் 4,500 பற்றி இரண்டே வார்த்தை. 800 எஞ்சினுக்குச் செய்த கிட்டை 850ல் அப்படியே தூக்கி மாட்ட முடியாது, ஒவ்வொரு கிட்டும் அந்தந்த எஞ்சினுக்கென்று செய்வது. குழாய், இன்ஜெக்டர், எரிபொருள் அளவை நடத்துகிற பெட்டி என்று மாற்றிக்கொண்டே போவீர்கள். அது ஒருபக்கம். "மெதுவாகக் கொடு" என்று உறவுக்குள் வாங்குகிற கடனுக்குத் தேதி கிடையாது, அதனால் ஒவ்வொரு விசேஷத்திலும் அது உங்களோடு பந்தியில் உட்காரும். கிட் சரியாக ஓடாவிட்டால் அவரிடம் போய்ச் சண்டை போடவும் முடியாது. அவர் கெட்ட எண்ணத்தில் தருகிறார் என்று சொல்லவில்லை. கராஜில் சும்மா கிடக்கிற பொருளுக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தன் வண்டியை அவர் எத்தனை மாதக் கடனில் எடுத்தார் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று. டர்போ போட்டவர் அதே சரிவில் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார், இன்னும் செங்குத்தான இடத்துக்குப் போவார், போடுவதே அதற்காகத்தான். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக்கின் போல்டர் மலையில் யார் எவ்வளவு உயரம் ஏறுவது என்று கூட்டமாகக் கூடியிருந்தபோது பனிச்சரிவு வந்து இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். பயமுறுத்த எழுதவில்லை, காப்பீட்டுக்காகக் கேட்கிறேன். உயிர்க் காப்பீடு எடுத்தபோது ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று ஒரு கேள்வி இருந்திருக்கும், அதற்கு என்ன பதில் எழுதினீர்கள்? வேலையிடத்துக் காப்பீடு மட்டும்தான் என்றால், வேலை போனால் பெரும்பாலும் அதுவும் போகும். வண்டிக் காப்பீட்டிலும் எஞ்சினை மாற்றியதைச் சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காட்டி மறுக்கலாம்.

பிள்ளைகளின் ஆர்ஈஎஸ்பி-க்கு (மேல்படிப்புக்கு அரசாங்க உதவித்தொகையோடு சேமிக்கிற கணக்கு) இருவருக்குமாக மாதம் 100 போடுவதாக இரண்டாவது மடலில் எழுதியிருந்தீர்கள். வருடம் 1,200, அரசாங்கம் 20 சதவீதம் என்று 240 தரும். ஒரு பிள்ளைக்கு 2,500 வரை போட்டால் 500, இருவருக்கும் 1,000 கிடைக்கும். வருடம் 760 டாலரை வேண்டாம் என்று விட்டுவிட்டு, பனியில் ஓட்டின வண்டிகளுக்கு 1,860 வட்டி கட்டுகிறீர்கள். விட்டுப்போன உதவித்தொகையைப் பின்னால் பிடிக்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் ஒரு பழைய வருடத்துக்கு உரியதைத்தான் சேர்த்துப் பிடிக்க முடியும், மூத்தவருக்கு இப்போதே 9.

என்ன செய்யலாம்? மிஞ்சுகிற 700ல் 100ஐ ஆர்ஈஎஸ்பி-யில் கூட்டுங்கள். மீதி 600 லைனின் அசலுக்கு. இப்போது வட்டிக்குப் போகிற 155ஐ அதற்கு மேல் கட்டினால் மாதம் 755, நாலு வருடத்துக்குள் முடிந்துவிடும். கையால் கட்டாதீர்கள், கட்டமாட்டீர்கள். வங்கியில் சொல்லி அந்த 31,000ஐ லைனில் இருந்து பிரித்து, முடிவுத் தேதி உள்ள கடனாக மாற்றிச் சம்பள நாளில் தானாகப் பிடிக்க வையுங்கள், பெரும்பாலான வங்கிகள் செய்து தரும். ஓவர்டைம், போனஸ் வந்தால் பாதியைக் கடனுக்கும் பாதியை ஸ்லெட்டுக்கென்று ஒரு தனிக் கணக்கிலும் போடுங்கள். பெல்ட், எண்ணெய், தங்குமிடம் எல்லாம் அந்தக் கணக்கில் இருந்துதான், அதில் பணம் இல்லாத மாதம் மலை இல்லை.

கடன் பாதிக்குக் கீழே வர இரண்டு வருடம் சொச்சம் ஆகும். அப்போதும் டர்போ ஆசை இருந்தால் இந்த வண்டியில் கிட் போடாமல் இதை விற்றுவிட்டு, தனிக் கணக்கில் சேர்ந்ததையும் சேர்த்து, பழைய கம்பெனி டர்போ ஒன்றைக் கையில் காசு கொடுத்து வாங்குங்கள். அதுவரைக்கும் கிளட்சை நீங்கள் ஓட்டுகிற உயரத்துக்குச் சரியாக அமைத்துப் பாருங்கள், சில நூறு டாலரில் முடியும், நிறைய வண்டிகளில் இதைச் செய்யாமலேயே எஞ்சினைத் திட்டுகிறார்கள். ரெவல்ஸ்டோக்கில் ஒரு நாளைக்கு டர்போ வண்டி வாடகைக்கு எடுத்தும் ஓட்டிப் பார்க்கலாம், மச்சானுக்குச் சமமாக ஏறுவது எஞ்சினாலா ஓட்டுகிற கையாலா என்று தெரிந்துவிடும்.

வசந்த காலத்தில் அடுத்த வருட மாடலுக்கு முன்பதிவு என்று விளம்பரங்கள் வரும், நவம்பர் வரை ஒன்றும் கட்டவேண்டாம் என்பார்கள், இரண்டு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். உங்கள் 50 டாலருக்கு அது அண்ணன். அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கடைசியாக, லைனின் வரம்பையும் குறைக்கச் சொல்லுங்கள், 74,000 அப்படிக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. வீடு இருவர் பெயரிலும் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு உங்கள் மனைவியும் வரவேண்டியிருக்கும். இந்த 31,000ன் முழு விவரமும் அவருக்குத் தெரியும் என்று உங்கள் இரண்டு மடலிலும் ஓர் இடத்திலும் இல்லை, வங்கிக்குப் போவதற்கு முன்னால் அதைப் பேசிவிடுங்கள்.